ஷடர்: உதறலா, விதிர்ப்பா?

செ.:
அன்புடையீர், தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குத் 'திருப்புவிசை மாற்றி' என்று போட்டுவிட்டேன், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை ஒட்டி. தமிழ்ச் சொல் கிடைக்காமல் இடிப்பது ஷடர். சீரான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகையில், கன்வர்ட்டரின் இரு பக்கத்தையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கிற நேரத்தில், வரிசையான சின்ன வேகத்தடைகள் மேல் ஓடியதுபோலச் சில நொடி கிடுகிடுக்குமே, அது. 'அதிர்வு' போதாது, எஞ்சின் மவுண்ட் போனாலும் அதிர்வு, வீல் பேலன்ஸ் கெட்டாலும் அதிர்வு.

ம.:
தொல்காப்பியர் உரியியலில் வழி காட்டியிருக்கிறார்: 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்'. அதிர்வைப் பொதுவுக்கு விட்டு, 'விதிர்ப்பு' என்பதை ஷடருக்கு ஒதுக்கலாம். மூங்கிலுக்கு வெதிர் என்று பெயர் வந்ததும் காற்றில் விதிர்ப்பதால்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். வெதிர், விதிர், அதிர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்...

ரா.:
அம்மா, மூங்கில் அப்புறம். பட்டறையில் 'வண்டி உதறுது' என்றுதான் பேச்சு. சோதிப்பதும் சுலபம். உதறும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை மெல்லத் தொட்டால், பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் விட்டுவிடும். உதறல் சட்டென்று நின்றால் கன்வர்ட்டர் பக்கம் சந்தேகப்படலாம். தொடர்ந்தால் முதலில் எஞ்சினின் ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் காயில் பாருங்கள். கன்வர்ட்டர்தான் என்றாலும் உடனே இறக்க வேண்டாம். கியர் ஆயில் கெட்டிருந்தால், சரியான ரக ஆயில் மாற்றியதும் சில வண்டிகள் அடங்கிவிடும். விதிர்ப்பு என்று எழுதினால் பையன் அகராதியைத் தேடுவானா, பிரேக்கைத் தொடுவானா?

ம.:
'உதறல் எடுக்கிறது' என்றால் பயம். பாடநூலில் வண்டி பயப்படலாமா?

த.:
ஷடர் கிடக்கட்டும், முதல் சொல்லே தவறு. டார்க் விசையே அன்று; நியூட்டன் மீட்டரில் அளப்பதை விசை என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதா? 'முறுக்கம்' போதும். 'மாற்றி'யும் நிறைவில்லை. உள்ளே திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிடும் ஸ்டேட்டர் இருப்பதால் இது வெறும் நீர்மப் பிணைப்பு அன்று. புறப்படும்போது முறுக்கத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தருகிறது. ஆகவே 'முறுக்கப் பெருக்கி'.

ரா.:
ஐயா, வேகம் ஏறி, கியர்பாக்ஸைச் சுழற்றும் விசையாழி (டர்பைன்) எஞ்சின் பக்கத்தை எட்டிப் பிடித்ததும் பெருக்கல் நின்றுவிடும். அப்போது பெருக்கி என்ன பெருக்குகிறது? மாற்றியே இருக்கட்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து எஞ்சின் சுழற்சி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் ஸ்டால் டெஸ்ட்டுக்கு யாராவது சொல் தாருங்கள். எஞ்சின் அணைந்து போவதையும் ஸ்டால் என்கிறார்கள், அதனால் 'நின்றுபோதல்' ஆகாது. இங்கே விசையாழிதான் நிற்கிறது, எஞ்சின் உறுமுகிறது.

ம.:
'தடையுறு சுழற்சி'?

த.:
அப்படியென்றால் பிரேக் டிரம்மா?

செ.:
நன்றி. 'உதறல்' போடுகிறேன், முதலில் வருமிடத்தில் ஷடரும் பக்கத்தில் இருக்கும். திருப்புவிசை மாற்றி இந்தப் பதிப்புக்கு மட்டும். 'ஸ்டால் சோதனை' அப்படியே போகிறது. சுழற்சி குறைவாக நின்றால் எஞ்சின் பலமும் ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்சும், எகிறினால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்கலும் பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். ஐந்து நொடிக்கு மேல் முழு ஆக்சிலரேட்டர் கூடாது என்பது தடித்த எழுத்தில்.

த.:
'விசை'க்கு என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பின் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள்.