பழைய பிரெயில் அட்டவணையை நீக்கிவிடலாமா?

அட்டவணைப்பிரியன்: எழுத்தை பிரெயிலாக மாற்றும் லிப்லூயி மென்பொருளில் பழைய அமெரிக்க ஆங்கிலச் சுருக்க பிரெயில் அட்டவணை (மாற்றும் விதிகள் உள்ள கோப்பு) இன்னும் இருக்கிறது. அமெரிக்கா 2016 ஜனவரியிலேயே ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயிலான யூஇபிக்கு மாறிவிட்டது. புதியவர்கள் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிரெயில் தப்பாக வருகிறது என்று பக் எழுதுகிறார்கள். அடுத்த வெளியீட்டில் தூக்கிவிடலாம்.

விரல்நுனி: வேண்டவே வேண்டாம். அட்டவணை எழுத்தை பிரெயிலாக்க மட்டும் இல்லை, பழைய பிரெயில் கோப்புகளைத் திரும்ப எழுத்தாக்கவும் அதுதான் வேண்டும். யூஇபி ஒன்பது சுருக்கங்களை (எழுத்துக்கூட்டங்களுக்கான குறுங்குறிகளை) கைவிட்டது. மேசையைக் குறிக்கும் ஆங்கில 'டேபிள்' பழைய முறையில் டி, ஏ, அப்புறம் 'பிள்' சுருக்கத்துக்கு பிரெயில் கட்டத்தின் ஆறு புள்ளிகளில் 3-4-5-6 புள்ளிகள். யூஇபியில் அந்தப் புள்ளிகள், அடுத்து எண் வருகிறது என்று காட்டும் எண் குறி. ஏணியைக் குறிக்கும் 'லேடர்' இன்னும் மோசம்: நடுவில் வரும் இரட்டை டிக்கு 2-5-6, அது யூஇபியில் முற்றுப்புள்ளி. பழைய பாடநூலைப் புதிய அட்டவணையில் போட்டால் சொல்லின் நடுவே முற்றுப்புள்ளி விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. படிக்கும் மாணவர்தான் திணறுவார்.

அட்டவணைப்பிரியன்: அப்படிப்பட்டவர்கள் லிப்லூயியின் பழைய வெளியீட்டையே வைத்துக்கொள்ளலாமே?

விரல்நுனி: எப்படி? திரையில் உள்ளதைப் படித்துத் தரும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துபவர் லிப்லூயியைத் தனியாக நிறுவுவதில்லை, அது உள்ளேயே வருகிறது. ஒரு புத்தகத்துக்காக ஸ்கிரீன் ரீடரையே புதுப்பிக்காமல் இருக்கச் சொல்ல முடியுமா?

சோதனைமேசை: நீக்குவதைவிட எனக்குப் பெரிய கவலை ரிக்ரெஷன், அதாவது சரியாக வந்துகொண்டிருந்தது புது மாற்றத்தால் கெடுவது. ஆங்கில 'ஸ்வீட்ஹார்ட்' சொல்லில் டி, எச், இ அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு சொற்களின் கூட்டு என்பதால் அங்கே 'தி' சுருக்கம் வரக்கூடாது. வேறொரு சொல்லைத் திருத்தச் சேர்க்கும் பொதுவிதி இதைக் கெடுத்துவிடலாம். சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கி டெஸ்ட் இருந்தால் உடனே தெரியும். ஆனால் அவசரத்தில் அந்த டெஸ்டின் மேல் 'தோல்வி எதிர்பார்த்ததே' என்று குறித்துவிட்டுப் போனால் பிழை அப்படியே புதைந்துவிடும். ஒருபோதும் சரியாக வராத சொல்லுக்கு அந்தக் குறி போடலாம். நேற்றுவரை சரியாக வந்த சொல்லுக்குப் போடவே கூடாது.

அட்டவணைப்பிரியன்: கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு மொழியில் ஒரு சொல் கெட்டதற்காக வெளியீட்டையே நிறுத்தினால், மற்ற மொழிக்காரர்களின் திருத்தங்களும் சேர்ந்து காத்துக்கிடக்க வேண்டுமா?

சோதனைமேசை: வெளியீட்டை நிறுத்த வேண்டாம். கெடுத்த பேட்சை, அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் திரும்ப எடுங்கள். அதை எழுதியவர் விதியின் வரம்பைக் குறைத்துக்கொண்டு மறுபடி வரட்டும்.

அட்டவணைப்பிரியன்: சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய அட்டவணைக்குப் போதுமான டெஸ்ட் இல்லை. யாரும் கவனிக்காத கோப்பு உள்ளே கிடந்து தப்பான பிரெயிலைத் தருவதும் ஆபத்துதான்.

விரல்நுனி: அந்த ஒன்பது சுருக்கங்களுக்கும் இரண்டு திசையிலும் டெஸ்ட் நான் எழுதித் தருகிறேன். தேர்வுப் பட்டியலிலிருந்து வேண்டுமானால் மறையுங்கள், கோப்பு இருக்கட்டும்.

அட்டவணைப்பிரியன்: டெஸ்ட் வரும்வரை நீக்கும் கோரிக்கையை நிறுத்திவைக்கிறேன். பட்டியலிலிருந்து மறைப்பதற்கான பேட்சை இப்போதே அனுப்புகிறேன்.