காஞ்சொறி பட்டவர்கள் கைதூக்குங்கள்

தொட்டால் எரியும் காஞ்சொறிச் செடி மேலே பட்ட கதையை நானே தொடங்கிவைக்கிறேன். ஓடைக்கரையில் ஒரு காட்டுப்பூவைப் படம் எடுக்க முட்டிபோட்டு உட்கார்ந்தேன். எழும்போது சறுக்காமல் இருக்க இடக்கையைத் தரையில் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் விளிம்பெல்லாம் ரம்பப்பல் மாதிரி வெட்டுள்ள இலைகள், தண்டில் எதிரெதிராக. பெரிய புதினா என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டெறும்புப் புற்றுக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

உடனே பரபரவென்று சொறிந்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. கொசுக்கடி போல வெள்ளைத் தடிப்புகள், சுற்றிலும் சிவப்பு, நடுவில் சுருக் சுருக்கென்று எரிச்சல். இரண்டு மணி நேரத்தில் தடிப்பு அமுங்கிவிட்டது. தப்பித்தோம் என்று படுத்தால், மறுநாள் காலை முகம் கழுவும்போது தண்ணீர் பட்ட இடத்திலெல்லாம் அந்தக் குறுகுறுப்பு திரும்ப வந்தது!

விடக்கூடாது என்று ஒரு தண்டை இடுக்கியில் பிடித்து எடுத்துவந்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். சுணை என்று நாம் சொல்வது அங்கே கண்ணாடி ஊசி மாதிரி நிற்கிறது. அடியில் ஒரு சின்னக் குமிழ், நுனியில் மணி போல ஒரு மொட்டு. அந்த நுனி சிலிக்கா. லேசாகப் பட்டாலே சாய்வாக உடைந்து, மிச்சம் இருப்பது ஊசிமருந்து போடும் ஊசி ஆகிவிடுகிறது. குமிழில் உள்ளது தோலுக்குள் போகிறது: ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் என்ற வேதிப்பொருட்கள். எறும்பில் இருக்கும் ஃபார்மிக் அமிலம்தான் காரணம் என்று எனக்குப் பள்ளியில் சொன்னார்கள். அது கொஞ்சம் இருக்கிறதாம், ஆனால் இவ்வளவு எரிச்சலுக்கு அது மட்டும் காணாது. செடியின் தாவரவியல் பெயர் அர்ட்டிகா டயோய்கா. உடம்பில் தடிப்பு தடிப்பாக வரும் ஒவ்வாமைக்கு மருத்துவர்கள் அர்ட்டிகேரியா என்று பெயர் வைத்திருப்பது இந்தச் செடியை வைத்துத்தான்.

அப்புறம் அதைத் தின்றேன். பழிக்குப் பழி.

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பூ வராத இளஞ்செடிகளின் கொழுந்தை மட்டும், உச்சியிலிருந்து நாலு, ஆறு இலை என்று வெட்டினேன். பூத்த பிறகு பறிக்கக் கூடாது. முற்றின இலையில் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்துவிடும், அவை சிறுநீர்ப்பாதைக்கு உறுத்தல் என்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் சட்டென்று துவண்டு கரும்பச்சை ஆனது. இரண்டு நிமிடம். உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்து சூப் வைத்தேன். வாயில் வைக்கும்வரை நம்பிக்கையே இல்லை. வைத்தால், பசலையைவிடக் கொஞ்சம் அழுத்தமான கீரை, அவ்வளவுதான். வெந்துவிட்டால் அந்த ஊசிகளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் பாத்திரத்துக்கு வெளியே விழுந்த ஒரே ஒரு இலையைக் கவனிக்கவில்லை. மேடை துடைக்கும்போது கட்டைவிரலில் மறுபடியும்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

* * *

நண்பரே, சூப் பற்றிப் படித்ததும் ஒரு பயம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். காஞ்சொறி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கீரை பறிக்கக் கிளம்ப வேண்டாம். நம் பெரியவர்கள் காஞ்சொறி, செந்தட்டி என்று சொல்லும் செடி பெரும்பாலும் வேறு. அது டிராகியா. ஆமணக்குக் குடும்பம். வேலியில் சுற்றிப் படரும், மெல்லிய கொடி. சித்த மருத்துவத்தில் சிறுகாஞ்சொறி வேர் என்று வருவது அதுதான். நீங்கள் தின்றது நிமிர்ந்து, கூட்டமாக வளரும் செடி. இரண்டும் சொந்தக்காரர்கள்கூட இல்லை. சுணையின் ஊசியே வேறு பொருள்: டிராகியாவில் கால்சியம் ஆக்சலேட் படிகம்.

சின்ன வயதில் பந்து எடுக்க வேலிக்குள் கைவிட்டு நான் பட்டது இந்தக் கொடியிடம். மூன்று நாள் கையை வைத்துக்கொண்டு அழுதேன். யாராவது இணையத்தில் சூப் செய்முறையைப் பார்த்துவிட்டு வேலிக்கொடியை அறுத்துச் சட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் ஒன்று, செடி இரண்டு. பறிப்பதற்கு முன்னால் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

* * *

நீங்கள் இருவரும் பட்டது தம்பிகளிடம். எரிக்கும் செடிகளில் அண்ணன் நியூசிலாந்தில் இருக்கிறார், ஓங்காஓங்கா என்று பெயர். ஆள் உயரத்தைத் தாண்டும் புதர். 1961-இல் அதற்குள் மாட்டிக்கொண்ட ஓர் இளைஞர் இறந்தே போனார். நான் நேரில் பார்க்கவில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை.

* * *

என் அனுபவம் மருந்துப் பக்கம். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம், இரவில் நாலு தடவை எழுந்திருப்பார். முதலில் சூப் வைத்தாரே, அந்த அர்ட்டிகா செடி நல்லது என்று யாரோ சொல்ல, நானும் ஒரு புட்டி மாத்திரை வாங்கிவந்தேன். ஒரு மாதம் சாப்பிட்டார், ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் புட்டியைத் திருப்பிப் படித்தேன்: இலைச்சாறு. புராஸ்டேட்டுக்குச் சொல்வது வேர். ஜெர்மனியில் வேரைத்தான் அந்தத் தொந்தரவுக்கு அனுமதித்தார்கள். அதுவும் சிறுநீர் போவதைக் கொஞ்சம் எளிதாக்குமே தவிர, வீக்கத்தைக் கரைக்காது. மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், "முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் வேரும் இலையும்" என்றார். நியாயம்தானே.

அம்மா கதை வேறு. கட்டைவிரல் அடிமூட்டில் வாதம், ஜாடி மூடி திறக்க முடியாது. பச்சை இலையை வலிக்கிற இடத்தில் அழுத்தும் பழைய வைத்தியத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. 27 பேர். ஒரு வாரம் இந்த இலை, இன்னொரு வாரம் இதே மாதிரி தெரியும், ஆனால் சுணை இல்லாத வேறொரு செடியின் இலை. சுணை இலை வைத்த வாரத்தில் வலி அதிகமாகக் குறைந்தது. ஆனால் எது எரிகிறது என்று கைக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், மூன்று நாள் வைத்துப் பார்த்தார். நாலாவது நாள் நிறுத்திவிட்டார். "இந்த எரிச்சல்ல அந்த வலி மறந்துபோகுது, அதுக்குப் பேரு வைத்தியமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இந்தக் கீரையைத் திடீரென்று நிறையச் சாப்பிடக் கூடாது. வைட்டமின் கே அதிகம், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* * *

நான் தின்னவும் இல்லை, பூசவும் இல்லை. அந்த இலையை வாளித் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்து தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். செடிக்கு நல்லது, மூக்குக்குக் கேடு. பக்கத்து வீட்டுக்காரர் கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்று வந்து விசாரித்தார். வாளியை மூடிவையுங்கள்.

இன்னொன்று, வெட்டும் முன் இலையைப் பாருங்கள். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இதுதான் சாப்பாடு.

* * *

எல்லோருக்கும் நன்றி. கேட்டவர்களுக்கு: பட்டவுடன் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி இழுத்தால் தோலில் நிற்கும் ஊசிகள் வந்துவிடும், அப்புறம் சோப்புத் தண்ணீர். பக்கத்தில் முளைக்கும் வேறு இலையைக் கசக்கித் தேய்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நானும் செய்து பார்த்தேன். சாறு குளிர்ச்சியாக இருந்தது, எரிச்சல் அப்படியேதான் இருந்தது. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நேற்று சூப்புக்காக அதே ஓடைக்கரைக்குப் போனேன். உச்சி இலைகளைச் சேர்த்து நூலால் கூடு கட்டி, உள்ளே கறுப்பு முள்புழுக்கள், முப்பது நாற்பது இருக்கும், சுணையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக் கையுறை இல்லை, இடுக்கி இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.