640 ஜெயித்தது கோபுரத்தாலா, குரலாலா?

ஆர்ட்டீசியா பாலு:
போன வாரம் வேறொரு இழையில் ரவி ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் ஏஎம் பேச்சு வானொலியில் கேஎஃப்ஐ 640 நிலையம் கேஏபிசி 790 நிலையத்தைத் தோற்கடித்ததற்குக் (எண்கள் அலைவரிசை, கிலோஹெர்ட்ஸில்) காரணம் 50,000 வாட் சிக்னல்தான், நிகழ்ச்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்றார். எனக்கு அது ஒப்பவே இல்லை. அதனால்தான் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

கேஎஃப்ஐ 50,000 வாட்டுக்குப் போனது 1931-இல். கேஏபிசி பேச்சுக்கு மாறியது 1960 வாக்கில், அதுவும் 5,000 வாட்டில். சிக்னல்தான் எல்லாம் என்றால் அடுத்த இருபத்தைந்து வருடம் 640 அல்லவா கோலோச்சியிருக்க வேண்டும்? நடந்தது வேறு. அந்த நகரத்தில் பேச்சு என்றால் 790 என்றுதான் இருந்தது. மைக்கேல் ஜாக்சன் அங்கே முப்பது வருடத்துக்கும் மேல் பேசினார் (பாடகர் இல்லை, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த வானொலிக்காரர்). டாட்ஜர்ஸ் பேஸ்பால் வர்ணனை 1973 வரை 640-இல் இருந்தது, 1974-இல் 790-க்குப் போனது. பெரிய கோபுரத்தை விட்டுச் சின்னக் கோபுரத்துக்கு! 640 அதே கோபுரத்தோடு பாட்டுப் போட்டுத் தேய்ந்துகொண்டிருந்தது.

1988-இல் 640 பேச்சுக்கு மாறியது. ரஷ் லிம்பா, டாக்டர் லாரா, பில் ஹேண்டல், 1992-இல் ஜான் - கென் ஜோடி என்று பேச்சாளர்கள் வரிசையாக வந்தார்கள். நிலவரம் தலைகீழானது அதற்குப் பிறகுதான். கோபுரம் மாறவில்லை, குரல் மாறியது.

ஆன்டெனா ரவி:
பாலு அண்ணா, நீங்கள் சொன்ன வருடங்கள் எல்லாம் சரி. அதிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்குச் சண்டை.

பேச்சு நிகழ்ச்சிக்கு ஊரில் ஒரே கடை இருந்தவரை அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஓடும். 640 பாட்டுப் போட்ட காலத்தில் அதன் போட்டி எஃப்எம்மோடு. பாட்டுக்கு ஏஎம் எஃப்எம்மிடம் தோற்பது சிக்னல் பலத்தால் அல்ல, ஒலித் தரத்தால். அந்தத் தோல்வியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே சரக்கை இரண்டு பேரும் விற்கத் தொடங்கியது 1988-க்குப் பிறகுதான். அங்கிருந்து கணக்குப் போடுங்கள்.

கொஞ்சம் இயற்பியலும் பேசுவோம். 5,000 வாட்டுக்கும் 50,000 வாட்டுக்கும் சக்தியில் பத்து மடங்கு வித்தியாசம். நம் ரேடியோவைத் தொடும் புலவலிமை அதன் வர்க்கமூலம்தான், ஏறக்குறைய 3.2 மடங்கு. அதுவே பெரிய விஷயம். அதோடு 640 கிலோஹெர்ட்ஸ் 790-ஐ விடத் தாழ்ந்த அதிர்வெண். தரையை ஒட்டிப் போகும் அலை அதிர்வெண் கூடக் கூட மண்ணில் சீக்கிரம் கரையும். அப்புறம் கோபுரத்தின் உயரம். லா மிராடாவில் இருந்த பழைய கோபுரம் 750 அடி. 640-க்கு அது ஏறத்தாழ அரை அலைநீளம். அந்த உயரத்தில் ஆற்றல் வானத்துக்குப் போகாமல் தரையோடு ஓடும். அதனால் இரவில் வானத்தில் பட்டுத் திரும்பும் வான் அலையும் தரை அலையும் மோதிக் குழம்பும் பகுதி ஊரை விட்டு வெகு தூரம் தள்ளிப்போகும்.

790-க்கு இந்தச் சௌகரியம் எதுவும் இல்லை. இரவில் அதே அலைவரிசையில் உள்ள மற்ற ஊர் நிலையங்களைக் காப்பாற்றுவதற்காகத் திசையைக் கட்டுப்படுத்தி அனுப்ப வேண்டிய நிலையம் அது.

ரிவர்சைட் ரேவதி:
தினமும் 91-ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு திரும்புகிறவள் நான். பகலில் 790 ரிவர்சைட் வரை நன்றாகத்தான் வரும், ரவி. டிசம்பர் வந்தால்தான் தொல்லை. நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு கொரோனா என்ற ஊரைத் தாண்டும்போது 790-க்குள் வேறு ஏதோ ஊர்க்குரல் நுழையத் தொடங்கும், மின்கம்பி இரைச்சலும் சேரும். 640 அப்படியே இருக்கும். அலுவலகம் விட்டு எல்லோரும் காரில் உட்காரும் நேரமும் இந்த மாற்றம் நடக்கும் நேரமும் ஒன்றுதான் என்பதை யாரும் பேசுவதில்லை. ஜான் - கென் நிகழ்ச்சியும் அந்த நேரத்தில்தானே?

ஆன்டெனா ரவி:
ரேவதி மேடம் சொன்னது மிகச் சரி. பகலில் மேல் வளிமண்டலத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் டி அடுக்கு வான் அலையை விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு மறையும், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் நிலையங்கள் எல்லாம் உள்ளே வரும். குளிர்காலத்தில் அது மாலை நெரிசல் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஏஎம் வானொலிக்கு மாலை நெரிசல்தான் சோறு போடும் நேரம்.

ஆர்ட்டீசியா பாலு:
சரி, ஆனால் ரேவதியின் காரில் என்ன பாடினாலும் லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் அது ஏறாது! நேயர் கணக்கெடுப்பில் ரிவர்சைட் - சான் பெர்னார்டினோ தனிச் சந்தை. ஆளை எண்ணுவது அவர் குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான், கார் ஓடும் சாலையை வைத்து அல்ல. பிறகு எப்படி அந்தச் சிக்னல் 640-ஐ லாஸ் ஏஞ்சலஸில் முதலிடத்துக்குத் தூக்கியது என்கிறீர்கள்?

இன்னொன்று. 2004 டிசம்பர் 19 அன்று ஒரு சிறு விமானம் மோதி அந்த 750 அடிக் கோபுரம் சாய்ந்தது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு 640 குட்டையான மாற்றுக் கோபுரத்தில், பாதி சக்தியில் ஓடியது. 2008 மார்ச்சில் புதுக் கோபுரம் கட்டும்போதே விழுந்தது. முழுச் சக்தி திரும்பியது அந்த வருடத்தின் பிற்பகுதியில்தான். கிட்டத்தட்ட நான்கு வருடம்! ரவி பெருமையாகச் சொன்ன அரை அலைநீளக் கோபுரமே இல்லாத நான்கு வருடம். நேயர்கள் 790-க்கு ஓடினார்களா? இல்லை. அந்த வருடங்களிலும் 640 தான் முன்னால் நின்றது. இதற்கு என்ன பதில்?

ஆன்டெனா ரவி:
பதில் இருக்கிறது. சக்தி பாதியானால் புலவலிமை 30 சதவீதம்தான் குறையும். குட்டைக் கோபுரத்தால் இன்னும் கொஞ்சம் போகும். அவ்வளவும் போன பிறகும் நகரத்துக்குள் 640 தாராளமாகக் கேட்டது. அடிபட்டதெல்லாம் தொலைவிலும் இரவிலும்தான். பலமான சிக்னல் என்பது இப்படி விழுந்தாலும் தாங்கும் கையிருப்பு.

ரிவர்சைட் கணக்கில் வராது என்பது உண்மை. ஆனால் ஆரஞ்சு கவுண்டி லாஸ் ஏஞ்சலஸ் சந்தைக்குள்தான் வருகிறது. லா மிராடா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சரியாக இரண்டு கவுண்டியின் எல்லையில். 790-இன் கோபுரங்கள் இருந்தது மேற்கே லா சியெனேகா பக்கம். 1960-இல் ஆரஞ்சு கவுண்டியில் ஏழு லட்சம் பேர். 1990-இல் இருபத்துநாலு லட்சம். ஜனம் தெற்கே போனது, 640 ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தது.

லிம்பா விஷயத்தையும் பாருங்கள். 2014 ஜனவரியில் அவரை 640-இலிருந்து எடுத்து 1150-க்கு மாற்றினார்கள், நிலையத்தின் பெயரையே கேஇஐபி என்று வைத்து. நாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்ட பேச்சாளர். 1150-உம் காகிதத்தில் 50,000 வாட்தான். ஆனால் உயர்ந்த அதிர்வெண், திசைக்கட்டுப்பாடு. அந்த நிலையம் நேயர்களில் ஒரு சதவீதப் பங்கைத் தொடவே திணறியது. குரல்தான் ஜெயிக்கும் என்றால் அவர் பின்னால் கூட்டம் ஏன் போகவில்லை?

ஆர்ட்டீசியா பாலு:
ஏனென்றால் 640-இல் ஜான் - கென் இருந்தார்கள், ஹேண்டல் இருந்தார், மாலையில் டிம் கான்வே ஜூனியர் இருந்தார். லிம்பா பேசியது நாடு முழுக்க ஒரே பேச்சு. இவர்கள் பேசியது இந்த ஊர்ப் பேச்சு. 2003-இல் கலிபோர்னியா கவர்னர் கிரே டேவிஸைத் திரும்ப அழைக்கும் (பதவியிலிருந்து இறக்கும்) தேர்தலுக்கு ஜான் - கென் எழுப்பிய சத்தத்தை அப்போது இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கார் வரியை ஏற்றியதைப் பிடித்துக்கொண்டு தினம் தினம் அடித்தார்கள். அவர்களின் அரசியலில் பாதி எனக்குப் பிடிக்காது, குடியேறிகளைப் பற்றி அவர்கள் பேசியது பல நாள் கோபத்தைத்தான் கிளப்பியது. ஆனாலும் ரேடியோவை அணைக்க முடியாமல் கேட்டேன். அது வாட்டில் வராது.

சிமி வேலி சுந்தர்:
பாலு, அதே ஜான் - கென் 1999-இல் 640-ஐ விட்டு 790-இன் காலை நேரத்துக்குப் போனார்களே? நிலைக்கவில்லை. 2001 வாக்கில் 640-க்கே திரும்பினார்கள். உங்கள் வாதப்படி குரலோடு கூட்டமும் போயிருக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் விட்டுவிட்டது முதலாளியை. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு பெரிய நகரத்தில் ஒரே நிறுவனம் எட்டு நிலையம் வரை வைத்துக்கொள்ளலாம். 640-உம் 1150-உம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லிம்பாவை 1150-க்கு அனுப்பியது போட்டியாளர் இல்லை, சொந்த முதலாளி. எந்தக் குரலுக்கு எந்தக் கோபுரம் என்று ஒரே மேஜையில் முடிவாகும்போது எது எதை ஜெயித்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?

790-இன் கதை இன்னும் வருத்தமானது. அதன் கோபுரங்கள் நின்ற நிலத்தின் மதிப்பு, நிலையம் சம்பாதிக்கக்கூடியதை விட எங்கேயோ மேலே போய்விட்டது. நிலத்தை விற்றார்கள். கோபுரங்களை இறக்கி, வேறொரு நிலையத்தின் இடத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பேச்சு வானொலிக்கு முன்னோடியான ஒரு நிலையத்துக்கு நேர்ந்த கதி இது. இதில் வாட்டும் இல்லை, குரலும் இல்லை.

ரிவர்சைட் ரேவதி:
சுந்தர் அண்ணா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வேறு கவலை வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு மின்சாரக் காரில் ஏஎம் பட்டனே இல்லை. மோட்டாரின் இரைச்சல் ஏஎம்மைக் கெடுக்கிறது என்று சில கம்பெனிகள் எடுத்துவிட்டன. ஃபோர்டு எடுக்கப் பார்த்து, 2023-இல் எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. செய்தி நிலையமான 1070 கேஎன்எக்ஸ் 2021 டிசம்பரிலேயே 97.1 எஃப்எம்மிலும் வரத் தொடங்கிவிட்டது. அதுவும் 50,000 வாட் நிலையம்தான். அவர்களுக்கே ஏஎம் மட்டும் போதவில்லை என்றால், பலம் என்று ரவி சொல்வது எத்தனை நாளைக்கு?

ஆன்டெனா ரவி:
அந்தக் கவலை எனக்கும் உண்டு. எல்ஈடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து நகரத்தின் இரைச்சலை ஏற்றிவிட்டன. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட சிக்னல் இன்று சமையலறையில் கேட்பதில்லை. ஆனால் இரைச்சல் ஏறும்போது முதலில் மூழ்குவது 5,000 வாட் நிலையம்தானே? அந்த வெள்ளத்துக்கு மேல் கடைசிவரை தலை நீட்டி நிற்பது 640-ஆகத்தான் இருக்கும்.

ஆர்ட்டீசியா பாலு:
நிற்கட்டும். கென் சியாம்போ 2023 டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த ஜோடி இப்போது இல்லை. கோபுரம் அதே கோபுரம், சக்தி முழுச் சக்தி. இனி வரும் வருடங்களில் 640-இன் பங்கு அசையாமல் நின்றால் ரவி பக்கம் நான் வருகிறேன். சரிந்தால் நீங்கள் என் பக்கம் வர வேண்டும். சம்மதமா?

ஆன்டெனா ரவி:
இல்லை அண்ணா. ரேவதி மேடம் சொன்ன கார்களையும் இரைச்சலையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் சம்மதம். 640-ஐ மட்டும் பார்க்கக் கூடாது, இன்னொரு பேச்சு நிலையமான 870-உம் 790-உம் அதே வருடங்களில் எவ்வளவு சரிந்தன என்று பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்ட்டீசியா பாலு:
அது நியாயம். மூன்றையும் வைத்தே பார்ப்போம்.