வீட்டுப் புல்தரைக்கு எந்த மெஷின்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அழகாபுரத்திலிருந்து:

புல் வெட்டும் மெஷின் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "இடம் எவ்வளவுங்க?" என்றுதான். எங்களுடையது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. ஆனால் வீடு, கார் நிற்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, மாமரத்தடி எல்லாம் போகப் புல் இருப்பது 500 சதுர அடிதான். டேப் பிடித்து அளந்துகொண்டு போனதால் பெட்ரோல் மெஷினைத் தலையில் கட்ட அவர்களுக்கு வழியில்லை.

வாங்கியது கையால் தள்ளும் உருளை மெஷின். மோட்டார் கிடையாது, சக்கரம் உருண்டால் கத்திகள் சுற்றும். சுற்றும் கத்திக்கும் கீழே அசையாமல் இருக்கும் பட்டைக் கத்திக்கும் நடுவில் மாட்டும் புல் நறுக்கென்று அறுபடும். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் காப்புரிமை வாங்கியதும் இந்த அமைப்புக்குத்தான். கம்பளித் துணியின் பிசிரை மழிக்கும் மில் மெஷினைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் ஒரு சின்னப் பெருமை, சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

மழைக்காலத்தில் வாராவாரம் தள்ளியாக வேண்டும். புல் நான்கு விரல் உயரத்தைத் தாண்டினால் கத்திக்குள் வராமல் மடங்கிப் படுத்துவிடும். மாங்குச்சியோ ஜல்லியோ சிக்கினால் உருளை அப்படியே நிற்கும். அருகம்புல்லுக்கு அருமை. கொரியன் புல் அடர்ந்து மேடு மேடாக எழும்பிவிட்டால் தள்ளித் தள்ளித் தோள்பட்டை போய்விடும்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

அண்ணா சொல்வது சின்ன இடத்துக்குச் சரி. எங்களுக்குப் புல் மட்டும் ஐந்து சென்ட் வரும். வயர் மாட்டி ஓட்டும் மின்சார மெஷின் வைத்திருக்கிறோம். இதில் கத்தி மின்விசிறி மாதிரி படுக்கைவசத்தில் சுற்றும். கொஞ்சம் வளர்ந்த புல்லையும் சமாளிக்கும். தொல்லை வயர்தான். பிளக் இருக்கும் சுவர்ப்பக்கம் தொடங்கி, வெட்டிக்கொண்டே விலகிப் போனால் வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்திலேயே கிடக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், அதனால் தடிமனாகவே வாங்குங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, அதுவும் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆவது, இல்லாத லைனில் இதை மாட்டவே கூடாது என்று எலக்ட்ரீஷியன் கறாராகச் சொன்னார், பொருத்திக்கொண்டோம். புல் ஈரமாக இருந்தால் மெஷினை வெளியே எடுப்பதே இல்லை.

ஐந்து ரோடு பக்கமிருந்து:

அக்கா, அதே ஐந்து சென்ட்டுக்கு நாங்கள் பேட்டரி மெஷின். வயர் இல்லாத நிம்மதிக்குத்தான் கூடுதல் விலை. ஓட்டி முடித்ததும் பேட்டரி கொதிக்கும். சித்திரை வெயிலில் அது ஆறுகிற வரை சார்ஜர் ஏற்றாமல் காத்திருக்கும். எங்கள் புல்லுக்கு ஒரு சார்ஜ் போதும், அதனால் இரண்டாவது பேட்டரி வாங்கவில்லை.

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து:

நீங்கள் எல்லோரும் அளவை வைத்துப் பேசுகிறீர்கள். மலையில் முதலில் பார்க்க வேண்டியது சரிவு. நான் பார்த்துக்கொள்ளும் பங்களாவில் புல்தரை அரை ஏக்கர். 18 அங்குல அகலம் வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை முழுக்க வெட்டினால், ஒரு வரிசை அடுத்த வரிசையின் ஓரத்தில் கொஞ்சம் ஏறி விழுவதையும் சேர்த்து ஐந்து கிலோமீட்டர் நடை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் பெட்ரோல் மெஷின், அதிலும் தானாக நகரும் வகை. பின்சக்கரம் இழுப்பதாகப் பார்த்து வாங்கினோம், ஏற்றத்தில் அதற்குத்தான் பிடிப்பு.

நடந்து தள்ளும் மெஷினைச் சரிவில் குறுக்குவாட்டில்தான் ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டினால் வழுக்கும்போது ஒன்று மெஷின் நம் மேல் வரும், இல்லை நம் கால் மெஷினுக்கு அடியில் போகும். உட்கார்ந்து ஓட்டும் மெஷினுக்கு இது தலைகீழ்: குறுக்கே போனால் கவிழும், அதனால் மேலும் கீழும்தான். அதையும் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஏற்றக் கூடாது என்று பெரும்பாலான கையேடுகளில் போட்டிருக்கும். ஏறத்தாழ நான்கு அடிக்கு ஒரு அடி ஏற்றம். எங்கள் பங்களாவில் பாதி இடம் அதைவிடச் செங்குத்து.

அந்தப் பாதிக்கு பிரஷ் கட்டர், தோளில் மாட்டிக்கொண்டு நீளக் கம்பின் நுனியால் வெட்டும் மெஷின். காபித் தோட்டத்தில் களை எடுக்கப் பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு, ஆளுக்குப் பஞ்சமில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை அளவுக்கு மீறிச் சாய்த்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் காய்ந்துபோகும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் கட்டருக்கு அந்தக் கவலை இல்லை. புல்லுக்கு நைலான் கயிறு, புதருக்கு மட்டும் இரும்பு பிளேடு. வெட்டும்போது பக்கத்தில் காரோ குழந்தையோ நிற்கக் கூடாது, கல் தெறிக்கும்.

இன்னொன்று, பனி. காலை வெயில் ஏறுகிற வரை புல் நனைந்தே இருக்கும். ஈரத்தில் வெட்டினால் மெஷினின் அடியில் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும். சுரண்டிச் சுத்தம் செய்யும் முன் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் காட்டெருமை. ராத்திரியில் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது, அதுவரை லாபம்தான். ஈர மண்ணில் அதன் குளம்புக் குழி ஆழமாக விழுகிறதே, அதில் சக்கரம் இறங்கினால் கத்தி புல்லை வேரோடு வழித்துவிடும். குழியை மண் போட்டு நிரப்பிவிட்டுத்தான் மெஷினை எடுப்போம்.

ஓமலூர் பக்கமிருந்து:

எனக்கு ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு, கீழே புல். உட்கார்ந்து ஓட்டும் மெஷின் வாங்கச் சொல்லி மகன் பிடிவாதமாக இருக்கிறான். வாங்கலாமா?

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து:

வேண்டாம் என்றுதான் சொல்வேன். மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி, நடுவில் சொட்டுநீர்க் குழாய். வளைத்து வளைத்து ஓட்டுவதற்குள் குழாய் நாலு இடத்தில் அறுந்துவிடும். கோடையில் உங்கள் பக்கம் தண்ணீர் பாயாத புல் எப்படியும் காய்ந்துவிடும், அத்தனை மாதமும் மெஷின் சும்மா நிற்கும். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கிலேயே கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ் கட்டர் வாங்குங்கள், அல்லது மழைக்குப் பின் ஆள் வைத்து வெட்டுங்கள்.

ஓமலூர் பக்கமிருந்து:

சரிங்க. பக்கத்துத் தோட்டத்தில் செம்மறி ஆடு கட்டியிருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன்.