முக்கோண மேளத்துக்குத் தோல் கட்டுவதில் உதவி தேவை

வணக்கம். கிருஷ்ணகிரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காகச் செய்த முக்கோண மேளத்தின் தோல், மூலைகளில் விறைப்பாகவும் பக்கங்களின் நடுவில் தொய்வாகவும் நிற்பதால், தட்டினால் நாதம் எழாமல் மந்தமாகவே ஒலிக்கிறது.

16 வயதில் பார்வையிழந்து, பிரெய்லில் இசையமைத்து, நியூயார்க்கின் 6ஆம் அவென்யூவில் வைக்கிங் உடையில் நின்று வாசித்தும் தம் கவிதைகளை விற்றும் வாழ்ந்த மூன்டாக் (1916–1999) உருவாக்கிய ‘டிரிம்பா’ என்ற முக்கோணத் தாளக் கருவியைத் தழுவியது இது. பார்வையற்ற மாணவர் ஒருவர் அவராக நடிக்கிறார். அவர் கையில் ஒலிக்காத அட்டைப் பொம்மையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சட்டம் வேப்பமரத்தால் ஆனது. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி நீளம். ஆட்டுத்தோலை ஊறவைத்து, பறைக்கு ஒட்டுவதுபோலப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலில் உலர்த்தினோம். நெருப்பில் காய்ச்சினால் சிறிது நேரம் கணீரென்று ஒலித்து, மார்கழிப் பனி இறங்கியதும் மீண்டும் தளர்ந்துவிடுகிறது. ஆணியடித்து இறுக்கியபோது மூலையில் கிழிந்தது. தச்சர் மூலைகளை இழைத்து மழுக்கிய பிறகு கிழிசல் நின்றதே தவிர, தொய்வு போகவில்லை. விழா தை மாதக் கடைசியில் நடக்கிறது.

வட்டமில்லாத சட்டத்தில் தோலை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுத்துக் கட்டுவதற்கு, பறையோ உடுக்கையோ கட்டிப் பழகிய நீங்கள் எந்த முறையைக் கையாளுவீர்கள்?