பொருள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும் – வானத்தில் யார் ஒதுங்குவது?

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் ஏழு பேருக்குச் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு மாடியில் வான்விதிப் பாடம் நடக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில்தான். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ஆனால் விளங்கிக்கொள்வதில்லை. அதனால் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் ஒரே சொல்லில். 1944 சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் பறப்பு விதிகள் இருக்கின்றன. இரண்டு விமானங்களின் பாதை ஏறத்தாழ ஒரே உயரத்தில் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கம் காண்கிற விமானம் ஒதுங்க வேண்டும். ஒதுங்க வேண்டாத விமானத்துக்கு இருப்பதை ஆங்கிலத்தில் ‘ரைட் ஆஃப் வே’ என்கிறார்கள். நான் ‘வழியுரிமை’ என்று எழுதினேன். போன சனிக்கிழமை பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவில் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், உரிமை நம்மளதுன்னா வேகத்தைக் கூட்டி முந்திப் போயிரலாமா?” என்றான்.

கூடவே கூடாது. உரிமை உள்ளவன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும் என்பதுதான் விதி. பையனைக் குறை சொல்ல முடியவில்லை. என் சொல்தான் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது. வேறு சொல் தாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, திங்கள் நள்ளிரவு

டீச்சர், நான் பத்திரம் எழுதுகிறவன். வழியுரிமை என்றதும் எனக்கு வாய்க்கால் வரப்புதான் கண்ணில் நிற்கிறது. ஆள், மாடு, வண்டி போக வர வழிநடைப் பாத்தியம் உள்பட என்று வாரத்துக்கு நாலு பத்திரத்திலாவது எழுதுகிறேன். அது மண்ணோடு ஒட்டின உரிமை. அப்பனுக்குப் பின் மகனுக்கு வரும். ஆகாயத்தில் அரை நிமிஷம் இருந்துவிட்டுத் தீர்ந்துபோகிற சங்கதிக்கு அந்தப் பேரை வைக்கலாமா? எங்கள் பக்கம் வழிப்பாத்தியம் என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை கோர்ட்டுதான். பையன் முந்தத்தான் பார்ப்பான்.

பஸ்காரர்கள் ‘சைடு கொடுக்கிறது’ என்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதையே போடுங்களேன்.

தென்காசியிலிருந்து, செவ்வாய் காலை

சைடு! கலைச்சொல் குழுவில் கடைசியில் இதுவும் வந்துவிட்டது. பாரதிய வாயுயான் அதினியம் என்று 2024இல் விமானச் சட்டத்துக்கே பேர் மாற்றிவிட்டார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டம் போய் அதுதான் இப்போது நடப்பு. வாய்க்குள் நுழையாத அதைச் சொல்லிப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்ச்சொல் மட்டும் கசக்கிறதோ?

முதலில் டீச்சர் ‘விமானம்’ என்று எழுதுவதையே விட வேண்டும். விமானம் கருவறைக்கு மேல் நிற்பது. இந்த விதிகளில் பலூனும் அடக்கம், எஞ்சின் இல்லாத கிளைடரும் அடக்கம். காற்றின் எதிர்விசையால் தாங்கப்படுகிற எதுவும் அடக்கம். அதற்கு வானூர்தி என்பதே பொருந்தும். புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று ஓட்டுநர் இல்லாத ஊர்தியையே பாடி வைத்துவிட்டார்.

அந்த ‘வலவன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தேர்ப்பாகன். வலம் என்ற அடியிலிருந்து வந்தவன். வலப்பக்கம் உள்ளவனுக்கே வழி என்ற இந்த விதி நம் தேர்த்தெருவில் பிறந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆகவே ‘வலமுதன்மை’ என்க. நெல்லையப்பர் ஆனித்தேர் ரத வீதிகளில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? வலமாகத்தானே!

சங்கரன்கோவிலிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா வணக்கம். டீச்சர் சொன்ன பையன் நான்தான்.

தேர் வலமாகச் சுற்றுவது சரிதான். ஆனால் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, இறங்க வரும்போதும் ஏறிய பின்பும் திருப்பமெல்லாம் இடப்பக்கம்தான் என்பது எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஓடுதளத்தைச் சுற்றி வரும்போது நாங்கள் அப்பிரதட்சிணமாகத்தான் போகிறோம் ஐயா. ‘வலமுதன்மை’ என்று படித்துவிட்டு நான் அங்கே வலப்பக்கம் திரும்பினால் என்ன ஆகும்?

நேருக்கு நேர் வந்தால் மட்டும் இரண்டு பேரும் வலப்பக்கம் விலக வேண்டும். எனக்கு அதிலேதான் தடுமாற்றம். ஊரில் பைக் ஓட்டிப் பழகின கை, எதிரே வண்டி வந்தால் தானாக இடப்பக்கம் ஒடிக்கும். இரவில் விளக்கை வைத்து டீச்சர் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவனின் சிவப்பு நமக்குத் தெரியும். சிவப்பு தெரிந்தால் நாம் ஒதுங்கணும். பச்சை தெரிந்தால் நாம் போய்க்கொண்டே இருக்கணும். வண்ணாரப்பேட்டை சிக்னல் மாதிரியே.

உவரியிலிருந்து, செவ்வாய் இரவு

சிவப்பு, பச்சை எல்லாம் கப்பலிலிருந்து போனது தம்பி. விதியும் அப்படியே. தென்காசி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, தேர் தெருவில் ஒன்றுதான் ஓடும். அதற்கு வழி விடுகிற விதி எதற்கு?

நான் பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன். கடலில் நாங்கள் உரிமை என்ற பேச்சையே எடுப்பதில்லை. 1972ஆம் ஆண்டுக் கடல்விதிகளில் கப்பலுக்குத்தான் பேர், உரிமைக்கு இல்லை. ஒன்று ஒதுங்குகிற கப்பல், மற்றது போக்கு மாறாமல் போகிற கப்பல். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கடமை. வானத்திலும் அதே கணக்குதான். எஞ்சின் விமானம், எஞ்சின் வைத்த பலூன் போன்ற ஆகாயக்கப்பலுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் ஒதுங்கணும். கிளைடர் பலூனுக்கு ஒதுங்கணும். பலூன் யாருக்கும் ஒதுங்க வேண்டாம், பலூனால் ஒதுங்க முடியாது. சுக்கானைத் திருப்ப முடிகிறவன் முடியாதவனுக்கு விடுகிறான். தோணி ஓட்டுகிற தண்டையலைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ஆக டீச்சர், ஒரு சொல் தேடாதீர்கள். இரண்டு சொல் தேடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து, புதன் காலை

உவரித் தம்பி, நன்றி. ராத்திரி இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் உரிமை உடையவனுக்குப் பேர் தேடிக்கொண்டிருந்தேன், ஒதுங்குகிறவன் பேரில்லாமல் நின்றிருக்கிறான். விதியில் முதல் வேலையே அவனுக்குத்தான்.

‘ஒதுங்குகலம்’, ‘நிலைகலம்’ – சரியா?

சங்கரன்கோவிலிலிருந்து, புதன் மதியம்

நிலைகலம் என்றால் நிற்கிற விமானம் மாதிரி கேட்கிறது டீச்சர். வானத்தில் நின்றால் விழுந்துவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, புதன் மாலை

‘தொடர்கலம்’ என்று போட்டால் என்ன? போக்கைத் தொடர்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து, புதன் மாலை

பின்னாலேயே வருகிற விமானம் என்று நினைத்துவிடுவேன் அண்ணாச்சி. பின்னால் வந்து முந்துகிறவனுக்கு வேறு விதி. அவன்தான் ஒதுங்கணும், அதுவும் வலப்பக்கமாக.

தென்காசியிலிருந்து, வியாழன் அதிகாலை

தேரைப் பற்றி உவரிக்காரர் சொன்னதற்குப் பிறகு தனியே விடை எழுதுவேன், விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சொல்லுக்கு வருவோம்.

‘மாறாக்கலம்’ என்க. ஏவா ஊர்தி போல மாறாக் கலம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மாறாத கலம் என்பதில் ஈறாகிய ‘த’ கெட்டது. பின்னால் வல்லினம் மிகும். ஓடாக்குதிரை, பாடாப்பைங்கிளி போல. ஆனால் ‘ஒதுங்குகலம்’ வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. அச்சகத்தார் ஒன்றில் ‘க்’கைப் போட்டு மற்றதில் விட்டிருக்கிறோமே என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். ‘கலம்’ என்பது கப்பலுக்கும் பாத்திரத்துக்கும் பொது. வானூர்திக்கும் பொருந்தும். மகேந்திரகிரி இஸ்ரோக்காரர்கள் விண்கலம் என்று எடுத்துக்கொண்டதால் நமக்கில்லை என்று ஆகாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வியாழன் காலை

எனக்குச் சம்மதம். சைடு போச்சே என்று கொஞ்சம் வருத்தம்.

உவரியிலிருந்து, வியாழன் இரவு

ஒதுங்குகலம் சரி. மாறாக்கலம் எனக்குச் சரிப்படவில்லை. ‘மாறா’ என்றால் மாறவே மாறாது என்று ஆகிறது. எதிர்த்தவன் தூங்கிக்கொண்டு வந்தால்? மோதல் தவிர்ப்பது விமானியின் பொறுப்பு, வழி யாருடையது என்பது அதைக் குறைக்காது என்று உங்கள் இரண்டாம் இணைப்பே சொல்கிறதே. கடல்விதியிலும், ஒதுங்க வேண்டியவன் ஒதுங்கவில்லை என்று தெளிவானால் மற்றவன் திருப்பலாம். அவன் மட்டும் திருப்பி மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்துவிட்டால் இவனும் திருப்பியே ஆக வேண்டும். ‘உரிமை’ என்று படித்த பையன் வேகத்தைக் கூட்டுவான் என்றால், ‘மாறா’ என்று படித்த பையன் கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போவான்.

பாளையங்கோட்டையிலிருந்து, வெள்ளி மதியம்

தம்பி சொல்வதில் உள்ள ஆபத்து எனக்கும் தெரிகிறது. ஆனால் அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. தனிமடலில் நாலு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் ‘ஏதாவது ஒன்றைப் போடுங்கள்’ என்றார்கள். ஒதுங்குகலம், மாறாக்கலம் என்றே கொடுத்துவிட்டேன். மாறாக்கலத்துக்கு அடியில் இப்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘ஒதுங்குகலம் ஒதுங்கவில்லை என்று தெரிந்தால் இதுவும் திரும்பி மோதலைத் தவிர்க்க வேண்டும்.’ தலைப்பில் ‘விமானம்’ என்பதை மாற்றவில்லை. தென்காசி ஐயா பொறுத்தருள வேண்டும்.

தென்காசியிலிருந்து, சனி காலை

பொறுக்கவில்லை. படி ஒன்று அனுப்புங்கள். ‘க்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உவரியிலிருந்து, சனி காலை

அடியில் ஒரு வரி போட்டுத்தான் விளக்க வேண்டும் என்றால் சொல் இன்னும் அகப்படவில்லை என்று அர்த்தம் டீச்சர். அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள். அதுவரை என் ஓட்டு மாறாவுக்கு இல்லை.