மேட்டுல வண்டி பின்னாடி உருளுது, வழி சொல்லுங்க

வணக்கம். கார் பழக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு மூணு வாரம் ஆச்சு, 30 நாள் முடிஞ்சதும் டெஸ்ட். சமதரையில பழைய ஆல்டோவை மூணாவது கியர் வரை ஓட்டிடுறேன். மேடுதான் உதைக்குது.

நேத்து காந்திபுரம் மேம்பாலம் ஏறுறப்ப முன்னாடி பஸ் நின்னுடுச்சு. பிரேக்ல இருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு அடி பின்னாடி போச்சு. பதறி கிளட்சை விட்டேன், ஆஃப். பின்னாடி ஆட்டோக்காரர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுலயே இருக்கு!

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, வண்டி மூக்கு லேசா தூக்குறப்ப பிரேக்கை இறக்குன்னு மாமா சொல்றார். டிரைவிங் ஸ்கூல் அண்ணன், கிளட்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிக்கிற ஹாஃப் கிளட்ச் போதும்கிறார். அதுலயே நின்னா கிளட்ச் பிளேட் தேயாதா?

எதைப் பழகுறது? ஆக்சிலரேட்டர் எப்போ கொடுக்கணும்? கோவையில விடியக்காலை காலியா கிடக்கிற சின்ன மேடு இருந்தாலும் சொல்லுங்க.